மேகநாத் சாகா என்ன ஆளு?

இந்தியாவில் விஞ்ஞானிகளைப் பற்றி எடுக்கப்படும் ஆவணப்படங்களுக்கென்று ஒரு வாய்பாடு இருக்கிறது. சின்னஞ்சிறு ஊர், மண்ணெண்ணெய் விளக்கு, வறுமை, வெள்ளைக்கார அதிகாரியின் அலட்சியம், கடல் கடந்து வரும் ஒரு கடிதம், பிறகு பட்டம், பதக்கம், தபால்தலை. பின்னணியில் வீணை வாசிக்கும். முடிவில் நாம் எல்லோரும் இந்தியராகப் பெருமைப்பட வேண்டும். யாரை உள்ளே போட்டாலும் இந்த வாய்பாடு ஒரே அச்சில் வார்த்து வெளியே தள்ளும். அக்கிரகாரத்தில் பிறந்தவரும் பந்தியிலிருந்து தள்ளிவைக்கப்பட்டவரும் ஒரே மாதிரி ‘மேதை’யாகத்தான் வருவார்கள்.

இந்த வாய்பாடு யாருக்கு உதவுகிறது? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு மேகநாத் சாகாவை விடப் பொருத்தமான விஞ்ஞானி கிடையாது.

ராஜா சௌத்ரி இயக்கி 2013இல் வெளிவந்த ‘தி குவாண்டம் இந்தியன்ஸ்’ என்ற ஆங்கில ஆவணப்படம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் இயங்கிய மூன்று இயற்பியலாளர்களைப் பற்றியது: சத்யேந்திரநாத் போஸ், சி.வி.ராமன், மேகநாத் சாகா. தேசிய விருது பெற்ற படம். அதை மட்டம் தட்ட நான் வரவில்லை. சாகா என்ற பெயரையே கேள்விப்படாத பிள்ளைகளுக்கு அவரைக் காட்டுவதற்கு எனக்குக் கைகொடுத்தது அந்தப் படம்தான். அதில் சாதிக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது என்று கடிகாரம் பிடிப்பதும் என் நோக்கமல்ல. மூன்று பேரை ஒரே சட்டத்துக்குள் மாட்டி, ‘இந்தியர்கள்’ என்று எழுதி, ஒரே ஆணியில் தொங்கவிடுகிறோமே, அந்தப் பழக்கத்தோடுதான் எனக்குச் சண்டை.

அந்தச் சட்டத்தைக் கழற்றிப் பார்ப்போம். ராமனின் தந்தை கல்லூரி ஆசிரியர். இயற்பியல் புத்தகங்கள் இருந்த வீட்டில் வளர்ந்தவர் ராமன். நிதித்துறைத் தேர்வில் வென்று 1907இல், 18 வயதில், கல்கத்தாவில் அரசு அதிகாரியாகப் பொறுப்பேற்றார். சாகாவின் தந்தை டாக்காவுக்கு அருகே ஒரு கிராமத்தில் சிறிய கடை வைத்திருந்தவர். எட்டுப் பிள்ளைகளில் சாகா ஐந்தாவது. பின்னாளில் அதே நிதித்துறைத் தேர்வை எழுத சாகா முயன்றபோது, புரட்சிக்காரர்களோடு தொடர்பு உண்டு என்ற சந்தேகத்தில் ஆங்கில அரசு அவரை அனுமதிக்கவில்லை. ராமனுக்கு 1930இல் நோபல் பரிசு. அவர் பெயரால் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். போஸின் பெயர் ஒரு துகள் வகைக்கே பெயராகிவிட்டது. நோபலுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் பெறாத சாகாவுக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிச் சுவர்களில் ஒரு படம்கூட இல்லை. யார் பெரிய விஞ்ஞானி என்று நான் தராசு பிடிக்கவில்லை. அவர்கள் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவர்கள் அல்ல என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு ராமன் இயக்குநராக இருந்தபோது, 1933இல், கமலா சோஹோனிக்குப் பெண் என்ற ஒரே காரணத்தால் இடம் மறுத்தார். கமலா சத்தியாகிரகம் செய்துதான், அதுவும் நிபந்தனைகளோடு, உள்ளே நுழைந்தார். ‘இந்திய மேதை’ என்ற சட்டம் கதவைத் தட்டியவரையும் கதவைச் சாத்தியவரையும் ஒன்றாகத்தான் காட்டும்.

தென்காசியில் ஒரு மாலை நேரப் பயிலகத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைப் போட்டேன். ஆங்கிலப் படம் என்பதால் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சாகா கல்கத்தாவில் தங்கிப் படித்த விடுதியைப் பற்றி நான் விளக்கியபோது ஒரு மாணவன் கேட்டான்: “அக்கா, இவரு என்ன ஆளு?”

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ‘என்ன ஆளு’ என்றால் என்ன சாதி என்று அர்த்தம். பேருந்தில் பக்கத்து இருக்கையிலும், வாடகைக்கு வீடு கேட்கும் வாசலிலும், கல்லூரியில் சேர்ந்த முதல் நாளிலும் கேட்கப்படுவது இதுதான். படம் முடிந்ததும் அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “சயின்ஸ்ல எதுக்கும்மா இதெல்லாம்? புள்ளைகளுக்கு நல்லத மட்டும் சொல்லுங்க” என்றார். அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் அவர் சொன்ன அந்த ‘நல்லது’ எது?

இந்த மாவட்டத்தில்தான் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் பாஞ்சாகுளம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் அங்கே ஒரு பெட்டிக்கடையில் தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம், ஊர்க்கட்டுப்பாடு, கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அதைக் காணொளியாகவும் எடுத்துப் பரப்பினார்கள். பக்கத்து மாவட்டத்தில் 2023 ஆகஸ்டில் நாங்குநேரிக் கொடூரம். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. எந்த நிறக் கயிறு எந்தச் சாதி என்று இங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு ‘சாதி தெரியாத’ அறிவியலைச் சொல்லித் தருகிறோம் என்பது யாரை ஏமாற்ற? சாதியை வகுப்பறைக்குள் நான் கொண்டுவரவில்லை. அது கையில் கயிறாக உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அந்த மாணவனுக்கு நேராகவே பதில் சொன்னேன். சாகா ஒடுக்கும் சாதியில் பிறந்தவர் அல்ல. வணிகம் செய்த சமூகம் அவருடையது. பட்டியல் சாதி அல்ல. ஆனாலும் அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை வங்காளத்து உயர்சாதியினர் தீட்டாகக் கருதினார்கள். ஊரில் மேலே படிக்கப் பள்ளி இல்லாமல் வேறு ஊருக்குப் போன சிறுவனை ஒரு மருத்துவர் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார். ஆனால் சாப்பிட்ட தட்டைச் சிறுவனே கழுவிக்கொள்ள வேண்டும். 1905இல், வங்கப் பிரிவினையை ஒட்டி, ஆளுநரின் வருகையை எதிர்த்த மாணவர்களோடு சேர்ந்து உதவித்தொகையை இழந்தார். 1911இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்து ஈடன் இந்து விடுதியில் தங்கினார். அங்கே உயர்சாதி மாணவர்கள் அவரோடு ஒரே கூடத்தில் சாப்பிட மறுத்தார்கள். சரஸ்வதி பூசையில் அவர் கலந்துகொள்வதற்கும் எதிர்ப்பு. கல்வித் தெய்வத்தின் முன்னால் நிற்கக்கூடாது என்று அந்தக் கல்லூரியின் தலைசிறந்த மாணவர்களில் ஒருவரிடம் சொன்னார்கள்.

ஆவணப்பட வாய்பாடு இந்த இடத்தில் ஒரு தந்திரம் செய்யும். சாதியை எடுத்துவிட்டு அங்கே வறுமையை வைக்கும். ‘ஏழையாகப் பிறந்து உயர்ந்தார்’ என்பது யாருக்கும் வலிக்காத கதை. அதில் குற்றவாளி யாரும் இல்லை. வறுமை மழையைப் போல எங்கிருந்தோ பெய்தது, அவர் குடை பிடித்துக் கரையேறினார், அவ்வளவுதான். ஆனால் ஈடன் விடுதியில் சாகாவைத் தள்ளிவைத்தது வறுமையா? அதே விடுதியில் ஒரு ஏழைப் பார்ப்பன மாணவன் இருந்திருந்தால் அவனுக்குப் பந்தியில் இடம் இருந்திருக்கும். தட்டைத் தனியாக வைக்கச் சொல்வதற்கு ஆள் வேண்டும். அந்த ஆட்கள் படித்தவர்கள். பிற்காலத்தில் வழக்கறிஞர்களாகவும் பேராசிரியர்களாகவும் ஆகப்போகிறவர்கள்.

நம்மவர்களுக்கு இது புரிய வங்காளம் வரை போக வேண்டியதில்லை. இன்றைய தென்காசி அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் சேரன்மாதேவியில் வ.வே.சு.ஐயர் நடத்திய குருகுலத்தில், தேசிய இயக்கத்தின் பணத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி நடந்தது. 1924, 1925இல் அதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலுவும் எழுப்பிய கலகம்தான் தமிழ்நாட்டு அரசியலின் திசையை மாற்றிய நிகழ்வுகளில் ஒன்று. பந்தி என்பது நமக்குச் சின்ன விஷயம் அல்ல. சேரன்மாதேவிப் பந்தியை அரசியலாக நினைவில் வைத்திருக்கும் நாம், ஈடன் விடுதிப் பந்தியை ஒரு விஞ்ஞானியின் சிறுவயதுத் துன்பமாக மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

அடுத்தது அவருடைய அறிவியல். 1920இல் ‘ஃபிலசாஃபிகல் மேகசின்’ இதழில் சூரியனின் நிறமண்டலத்தில் நிகழும் அயனியாக்கம் பற்றி சாகா எழுதிய கட்டுரை, விண்மீன்களைப் படிக்கும் முறையையே மாற்றியது. விண்மீன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு கோடுகள் தெரியும். ஒன்றில் ஹைட்ரஜன் கோடு தடித்திருக்கும். இன்னொன்றில் கால்சியம், இரும்பு. அவை வேறு வேறு பொருட்களால் ஆனவை என்று நினைக்கத் தோன்றும். சாகாவின் சமன்பாடு, அணுக்கள் எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில் எலக்ட்ரானை இழக்கின்றன என்று கணக்கிட்டது. கோடுகளின் வேறுபாடு பெரும்பாலும் வெப்பநிலையின் வேறுபாடு என்று தெரிந்தது.

1925இல் அந்தச் சமன்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண் ஹார்வர்டு வானாய்வகத்தில் கணக்குப் போட்டார். விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று கண்டார். அன்றைய பெரிய வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் அது இருக்கவே முடியாது என்றார். அந்த முடிவை நம்ப முடியாதது என்று பெய்ன் தன் ஆய்வேட்டிலேயே எழுத வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளில் ரஸ்ஸலே அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். பந்தியில் இடம் மறுக்கப்பட்ட ஒருவரின் சமன்பாடும், பெண் என்பதால் பல கதவுகள் மூடியிருந்த ஒருவரின் கணக்கும் சேர்ந்துதான் விண்மீன்கள் எதனால் ஆனவை என்று உலகத்துக்குச் சொல்லின.

‘எல்லா விண்மீனும் ஒரே பொருள், வெப்பம்தான் வேறு, அதுபோல மனிதரும்’ என்று இதைச் சமத்துவ உவமையாக்கி முகநூலில் போட ஆசை வரும். வேண்டாம் தோழர்களே. அணுவுக்குச் சாதியும் தெரியாது, சமத்துவமும் தெரியாது. அப்படி உவமை தேடுவது, அறிவியலில் வேதத்தைத் தேடுகிறவர்கள் செய்யும் வேலையின் மறுபக்கம். சாகாவுக்கு உவமை தேவையே இல்லை. சமூகத்தைப் பற்றி அவர் நேரடியாகவே எழுதியிருக்கிறார். ஆவணப்படங்களும் பாடநூல்களும் தொடத் தயங்கும் பகுதி அதுதான்.

1938இல் சாந்திநிகேதனில் அவர் ஆற்றிய உரை ‘பாரத்வர்ஷ’ என்ற வங்காள இதழில் வெளியானது. அதைத் தாக்கி அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த அனில்பரண் ராய் எழுத, சாகா தொடர் கட்டுரைகளாகப் பதில் கொடுத்தார். அதில் ஒரு சம்பவம் வரும். டாக்காவைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் சாகாவிடம் அவருடைய ஆய்வைப் பற்றிக் கேட்கிறார். சாகா உற்சாகமாக விளக்குகிறார். ஒவ்வொரு விளக்கத்துக்கும் அந்த மனிதர், இதில் புதிதாக என்ன இருக்கிறது, எல்லாம் வேதத்தில் இருக்கிறதே என்கிறார். வேதத்தில் எந்த இடத்தில் என்று சாகா கேட்கிறார். நான் வேதம் படித்ததில்லை, ஆனால் அதில் இருக்கும் என்கிறார் அவர். ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஓடிவிட்டன. புராண காலத்திலேயே பிளாஸ்டிக் சர்ஜரி இருந்தது என்று பிரதமரே மேடையில் பேசும் நாட்டில், அந்த வழக்கறிஞர் இன்னும் சாகவில்லை என்று நமக்குத் தெரியும்.

ஆனால் இந்தச் சம்பவத்தை நகைச்சுவையாக மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். சாகாவின் வாதம் அதற்கும் ஆழமானது. இந்தியா அறிவியலில் ஏன் பின்தங்கியது என்ற கேள்விக்கு, கையையும் தலையையும் சாதி பிரித்துவைத்தது என்பது அவருடைய பதில். மந்திரம் சொல்கிறவருக்கு மரியாதை. நெசவு செய்கிறவரும் தோல் பதப்படுத்துகிறவரும் எவ்வளவு திறமைசாலியானாலும் கீழே. பொருளைத் தொட்டு வேலை செய்தவருக்கு எழுத்து மறுக்கப்பட்டது. எழுத்து வைத்திருந்தவர் பொருளைத் தொடவில்லை. அப்படியானால் சோதனை எங்கே நடக்கும்? இந்த வாதத்தை அவருடைய ஆசிரியர் பிரபுல்ல சந்திர ராய் ஏற்கெனவே தன் இந்து வேதியியல் வரலாற்றின் 1909இல் வந்த இரண்டாம் தொகுதியில் வைத்திருந்தார். இரண்டு பேருமே இந்திய அறிவியலின் முன்னோடிகள். இரண்டு பேருமே சாதியை அறிவியலின் எதிரி என்று வெளிப்படையாக எழுதியவர்கள். “சயின்ஸ்ல எதுக்கும்மா இதெல்லாம்” என்று கேட்ட ஆசிரியருக்கு, கேட்டது நான் அல்ல, சயின்ஸ்காரர்களே கேட்டது என்றுதான் பதில் சொல்ல முடியும்.

பீடி சுற்றும் அம்மாக்களின் பிள்ளைகள், சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிறவர்களின் பிள்ளைகள் இந்த மாவட்டத்தின் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். கைவேலை செய்கிறவர்களின் அறிவை இழந்ததால்தான் இந்த நாடு பின்தங்கியது என்று ஒரு ராயல் சொசைட்டி உறுப்பினர் எழுதியிருப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அவருடைய சமன்பாட்டைவிட அது முதலில் தெரிய வேண்டும் என்பேன்.

அவருடைய சிந்தனை எங்கள் ஊரை நேராகத் தொடும் இடம் ஒன்றும் உண்டு. குற்றாலநாதர் கோயிலில் சித்திரை விசு, ஐப்பசி விசு என்று ஆண்டுக்கு இரண்டு திருவிழாக்கள். ‘விசு’ என்பது விஷுவம். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளைக் குறிக்கும் வானியல் சொல். ஆனால் பகலும் இரவும் சமமாவது மார்ச் 20 அல்லது 21இலும், செப்டம்பர் 22 அல்லது 23இலும். விசுவோ ஏப்ரல் 14 வாக்கிலும், அக்டோபர் 17, 18 வாக்கிலும் வருகிறது. மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிப் போய்விட்டது. எப்படி?

இந்தக் கணக்கை நாடறியச் செய்தது 1952இல் அமைக்கப்பட்ட நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு. தலைவர் மேகநாத் சாகா. அன்று இந்தியா முழுவதும் சுமார் 30 நாள்காட்டிகள் புழக்கத்தில் இருந்தன. சூரிய சித்தாந்தம் சொல்லும் ஆண்டு, பருவங்களை நிர்ணயிக்கும் உண்மையான ஆண்டைவிட ஏறத்தாழ 24 நிமிடம் நீளம். 24 நிமிடம் அற்பமாகத் தெரியலாம். 60 ஆண்டில் அது ஒரு நாள். 1,400 ஆண்டில் 23 நாள். வானத்தைப் பார்க்காமல் பழைய சூத்திரத்தை மட்டும் ஒப்பித்துக்கொண்டே வந்ததால் நழுவிய நாட்கள் அவை. உத்தராயணம் டிசம்பர் 22 வாக்கில் தொடங்கிவிடுகிறது. பஞ்சாங்கம் அதை ஜனவரி நடுவில் அறிவிக்கிறது. குழுவின் பரிந்துரைப்படி, ஆண்டு மார்ச் 22இல் தொடங்கும் தேசிய நாள்காட்டி 1957இல் நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் இன்றும் அந்தத் தேதி அச்சாகிறது. கோயில்கள் மாறவில்லை.

பஞ்சாங்கக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் விண்மீன்களை வைத்துக் கணக்கிடுகிறோம், நீங்கள் பருவத்தை வைத்து. இரண்டும் வேறு முறை, தவறு அல்ல என்பார்கள். விண்மீன்களை வைத்து ஆண்டைக் கணக்கிடலாம், தாராளமாக. ஆனால் அந்த நாளுக்கு விசு என்றும் உத்தராயணம் என்றும் சூரியனின் பெயரை ஏன் வைக்கிறீர்கள்?

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு மீட்டர் நீளக் குச்சி போதும். தென்காசி ஏறத்தாழ 9 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. உண்மையான சமநாளில் நண்பகலில், கடிகாரத்தில் 12.30க்குச் சற்று முன்னால், இங்கே நட்ட குச்சியின் நிழல் வடக்கு நோக்கி 16 சென்டிமீட்டர் விழும். சித்திரை விசு அன்று அதே குச்சியை நட்டுப் பாருங்கள். நிழலே இருக்காது என்று சொல்லும் அளவுக்குச் சுருங்கிவிடும். சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதாவது நிலநடுக்கோட்டைத் தாண்டி 9 பாகை வடக்கே வந்துவிட்டது. பேரருவிக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் விசு தீர்த்தவாரி நடக்கும். இன்னொரு பக்கம் ஒரு பத்தாம் வகுப்புப் பெண் குச்சியை நட்டு, இன்று விசு இல்லை என்று நிரூபிக்கலாம். திருவிழாவை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சாஸ்திரத்தில் எழுதியிருப்பதை அளந்து பார்க்கும் உரிமை தனக்கு உண்டு என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால் போதும். நாள் குறிப்பதற்கும் தீட்டுக் குறிப்பதற்கும் அதிகாரம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. ஒன்றை அளக்கத் தெரிந்த கை மற்றொன்றைக் கேள்வி கேட்கத் தயங்காது. இந்த உண்மை தெரிந்ததால்தான் ‘மேதை’ப் படங்கள் நாள்காட்டியைப் பெரும்பாலும் தாண்டிப் போகின்றன.

கடைசியாக, விஞ்ஞானி என்றால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? எங்கள் பகுதியில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் 2011இல் கிடைத்தது. கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரையில் மீனவ மக்கள் உட்கார்ந்திருந்தபோது, அந்த நவம்பர் 6 அன்று அப்துல் கலாம் உலையைப் பார்வையிட்டு, முழுப் பாதுகாப்பானது என்று சான்று கொடுத்துவிட்டுப் போனார். ஆயிரக்கணக்கான மக்கள் மீது தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. விஞ்ஞானி சொல்லிவிட்டார், மீன்பிடிக்கிறவர்களுக்கு என்ன தெரியும் என்பதுதான் அன்று தொலைக்காட்சி விவாதங்களில் ஓடிய தொனி.

சாகா அணுசக்திக்கு எதிரானவர் அல்ல. இந்தியாவில் அணு இயற்பியல் ஆய்வுக்கு நிறுவனம் கட்டியவர்களில் ஒருவர். ஆனால் 1952இல் கல்கத்தாவிலிருந்து வென்று மக்களவைக்குப் போன அவர், 1954இல் அங்கே அணுசக்தித் துறையைப் பற்றிய விவாதத்தைக் கிளப்பினார். அந்தத் துறையை மூடிவைத்த ரகசியத்தை எதிர்த்தார். நேருவின் நம்பிக்கைக்குரியவர்கள் மட்டும் முடிவெடுப்பதை எதிர்த்தார். அறிவியல் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்த விஞ்ஞானி அவர். 1956 பிப்ரவரி 16 அன்று டெல்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குப் போகும் வழியில் விழுந்து இறந்தார். எங்கள் பள்ளிச் சுவர்களில் ஒரு விஞ்ஞானிக்குத்தான் இடம் இருக்கிறது. கனவு காணச் சொன்னவர் இருக்கிறார். கேள்வி கேட்டவர் இல்லை.

சாகாவையும் தெய்வமாக்கிவிட வேண்டாம். அவர் சாதி ஒழிப்பு இயக்கம் நடத்தியவர் அல்ல. பெரிய அணைகள், பெரிய தொழிற்சாலைகள், மையத் திட்டமிடல் என்று நம்பிய தலைமுறை. அவர் முன்னின்று வாதாடிய தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தின் அணைகள் ஆதிவாசி மக்களின் நிலத்தை மூழ்கடித்தன. இதையும் ஒரு நல்ல ஆவணப்படம் சொல்ல வேண்டும். சிந்தனையாளரை மதிப்பது என்றால் அவரோடு வாதாடுவதுதான். மாலை போடுவதற்கு வாய்பாட்டுப் படங்களே போதும்.

‘ஒடுக்கப்பட்ட பின்னணியிலிருந்து வந்த ஒருவருக்குப் படத்தில் இடம் கிடைத்ததே பெரிது, இதற்கு மேல் என்ன வேண்டும்?’ என்று நம் பக்கத்திலேயே சிலர் கேட்கிறார்கள். இடம் கிடைப்பதும் பேச்சு கிடைப்பதும் ஒன்றல்ல. சாகாவின் முகத்தை வைத்துக்கொண்டு அவருடைய வாயை மூடிவிட்டால், அது ஈடன் விடுதியின் புது வடிவம். உள்ளே வரலாம், ஆனால் தனியாக உட்கார வேண்டும், எங்களைப் பற்றிப் பேசக்கூடாது.

எனவே என் கோரிக்கை இரண்டு. ஒன்று, சாகாவைப் பற்றித் தமிழில் ஒரு ஆவணப்படம் வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்து வெட்டி ஒட்டத் தெரிந்த இளைஞர்கள் நம்மிடம் ஏராளம். பெரிய செலவு இல்லை. அதில் ஈடன் விடுதியின் பந்தியும் சேரன்மாதேவியின் பந்தியும் அடுத்தடுத்து வர வேண்டும். பாரத்வர்ஷ விவாதம் வர வேண்டும். குற்றாலத்தில் மார்ச் 21 அன்றும் சித்திரை விசு அன்றும் நட்ட ஒரே குச்சியின் இரண்டு நிழல்கள் வர வேண்டும்.

இரண்டு, வரும் பிப்ரவரி 28 அன்று, உங்கள் ஊர்ப் பயிலகத்தில், படிப்பு வட்டத்தில், கையில் கிடைக்கும் எந்த விஞ்ஞானி படத்தையும் போட்டுக் காட்டுங்கள். படம் முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிட முடிந்தது? இவர் எந்த அதிகாரத்தோடு சண்டை போட்டார்? இவருடைய ஆய்வகத்துக்குள் வர முடியாமல் போனவர்கள் யார்? பிள்ளைகள் “இவரு என்ன ஆளு?” என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள். அந்தக் கேள்வியை இந்த ஊர்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டு, அடுத்ததாக, அதைத் தெரிந்துகொண்டு நீ என்ன செய்யப் போகிறாய் என்று திருப்பிக் கேளுங்கள்.